6203 என்பது வெறும் அளவு: வண்டி பேரிங்கின் தரம் எங்கே இருக்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏதாவது ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்தக் காட்சி நடந்துவிடும். மெக்கானிக் ஷெட்டிலிருந்து வந்த பையன் கிரீஸ் அப்பிய பழைய பேரிங் ஒன்றை கவுன்டரில் வைப்பான். கடைக்காரர் அதைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்து நம்பரைப் படிப்பார். "6203. ஒரிஜினலா, லோக்கலா?" பையன் போனில் யாரையோ கேட்டுவிட்டு, "எதுனா குடுங்கண்ணா, வண்டி பிரிச்சபடி நிக்குது" என்பான். கடைக்காரர் புதுப் பெட்டியைப் பிரித்து, பேரிங்கின் ஓட்டையில் விரலைக் கொடுத்து வெளிவளையத்தை ஒரு சுண்டு சுண்டுவார். சர்ரென்று சுற்றும். "பாத்தியா, எப்படி சுத்துதுன்னு?" அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது.

நானும் அப்படி வாங்கியவன்தான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பைக்கில் போய்வருகிறேன். போகவர ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். 2024 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரே வருடத்தில் பின்சக்கர பேரிங்கை மூன்று முறை மாற்றினேன். மூன்று முறையும் வளையத்தில் இருந்த நம்பர் ஒன்றேதான். ஒன்று ஐந்து மாதம் ஓடியது, அடுத்தது மூன்று மாதம், அதற்கடுத்தது இரண்டு மாதம்கூடத் தாண்டவில்லை. நம்பர் சரியாக இருந்தும் பேரிங் ஏன் நிற்கவில்லை என்று கேட்டுக்கொண்டு போனதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம், நடுவே உருளும் இரும்புக் குண்டுகள்; சக்கரம் உரசாமல் சுற்றுவது இதனால்தான். முதலில் அந்த நம்பர் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 6203-ல் உள்ள 6, ஒற்றை வரிசை ஆழ்பள்ள பால் பேரிங் என்கிற வகையைக் குறிக்கிறது. அடுத்த 2, லேசான உடல்வாகு. அந்த இடத்தில் 3 இருந்தால், அதாவது 6303 என்றால், அதே ஓட்டைக்கு இன்னும் தடித்த வளையமும் பெரிய குண்டும் வரும். கடைசி இரண்டு இலக்கம் ஓட்டையின் விட்டம். 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் கணக்கு சுலபம், ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். ஆக 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. உலகத்தில் எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் இதுதான் அளவு. ஜெய்ப்பூரில் 1946-ல் தொடங்கிய என்பிசி செய்தாலும், ஸ்வீடனில் 1907-ல் ஸ்வென் விங்க்விஸ்ட் தொடங்கிய எஸ்கேஎஃப் செய்தாலும், பெயர் இல்லாத ஏதோ ஒரு பட்டறை செய்தாலும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

சட்டை அளவு 40 என்று சொல்வது மாதிரிதான் இது. துணி என்ன, தையல் எப்படி என்று அந்த நாற்பது சொல்லாது. தரத்தைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுவது நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துகள். கடையில் யாரும் கேட்காமல் விடுவதும் அதைத்தான்.

அந்த எழுத்துகளில் நம் ஊருக்கு முக்கியமானது மூடி. இசட்இசட் என்று இருந்தால் இருபக்கமும் தகர மூடி. அது வெளிவளையத்தில் பொருந்தி, உள்வளையத்தைத் தொடாமல் மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. 2ஆர்எஸ் என்றால் இருபக்கமும் ரப்பர் சீல்; அதன் உதடு உள்வளையத்தை உரசிக்கொண்டே இருக்கும். உரசுவதால் கொஞ்சம் கெட்டியாகச் சுற்றும், ஆனால் மழைத்தண்ணீரை வெளியே நிறுத்தும். மழைக்காலத்தில் ரெட்டிச்சாவடி பக்கம் சாலையில் தேங்கும் தண்ணீரில் சக்கரத்தை விட்டு ஓட்டுகிறவன் இசட்இசட் வாங்கிப் போட்டால் அது பேரிங்கின் குற்றம் ஆகாது.

கவுன்டரில் சுண்டிப் பார்க்கும் சோதனை எவ்வளவு தப்பானது என்பதும் இங்கேதான் புரிகிறது. ரப்பர் சீலும் சரியான அளவு கிரீஸும் உள்ள பேரிங்கைச் சுண்டினால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று ஓடி நின்றுவிடும். சர்ரென்று நீண்ட நேரம் சுற்றுகிறது என்றால் உள்ளே கிரீஸ் போதவில்லை, அல்லது சீல் உள்வளையத்தைத் தொடவே இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். நாம் எதை நல்ல பேரிங்குக்கு அடையாளம் என்று நினைக்கிறோமோ, அது பெரும்பாலும் மட்டமானதற்கு அடையாளம்.

இன்னொரு பின்னொட்டு சி3. குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள ஆட்டத்தை அது சொல்கிறது. 17 மி.மீ. ஓட்டை உள்ள பால் பேரிங்குக்கு சாதாரண ஆட்டம் 3 முதல் 18 மைக்ரான். சி3 என்றால் 11 முதல் 25 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரியும். எதற்காக இந்தக் கூடுதல் ஆட்டம்? பேரிங்கை ஹப்பில் இறுக்கமாக அடித்து உட்காரவைக்கும்போது வெளிவளையம் கொஞ்சம் சுருங்குகிறது. சுற்றும் தண்டான ஷாஃப்டில் இறுக்கமாக ஏற்றினால் உள்வளையம் கொஞ்சம் விரிகிறது. அப்புறம் ஓடும்போது சூட்டில் உள்வளையம் இன்னும் விரியும். இவ்வளவும் ஆனபின் மிச்சமிருக்கும் ஆட்டம்தான் பேரிங் வாழ்கிற இடம். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் குண்டுகள் நசுங்கிக்கொண்டே ஓடும். எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங்குகளுக்கு சி3 அதிகம் கேட்கப்படுவது இதனால்தான். பழைய பேரிங்கில் சி3 என்று இருந்து, கடையில் அது இல்லாததால் சாதாரணத்தை வாங்கிப் போடுகிறவர்கள், புதுசு சூடாகிறது, முனகுகிறது என்று திரும்பி வருவார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சி3-யைக் காதருகே ஆட்டினால் லேசாக 'கிளிக்' என்று கேட்கும். "இது ஏற்கெனவே ஓடின பேரிங் அண்ணே, மாத்திக் குடுங்க" என்று சண்டைக்கு நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அளவுத் துல்லியத்துக்குத் தனி வகுப்பு இருக்கிறது. ஐஎஸ்ஓ 492 என்கிற தரநிலை அதை வரையறுக்கிறது. சாதாரண வகுப்பில் 17 மி.மீ. ஓட்டை 17-க்கு மேல் ஒரு மைக்ரான்கூடப் போகக் கூடாது, கீழே 8 மைக்ரான் வரை குறையலாம். 40 மி.மீ. வெளிவிட்டம் 11 மைக்ரான் வரை குறையலாம். உள்வளையம் சுற்றும்போது மேலும் கீழும் ஆடுவது 10 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். அதைவிடத் துல்லியமான பி6 வகுப்பு என்றால் அந்த 10, 7 ஆகும். பி5 என்றால் 4. அமெரிக்கக் கணக்கில் இதையே ஏபெக் 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் சொல்வார்கள். ஆன்லைனில் 'ஏபெக் 9' என்று கொட்டை எழுத்தில் போட்டு மலிவு பேரிங் விற்கிறார்கள். அந்த எண் அளவையும் ஆட்டத்தையும் பற்றி மட்டும்தான் பேசும். இரும்பு என்ன, கிரீஸ் என்ன, சீல் என்ன என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. வண்டிச் சக்கரத்துக்குச் சாதாரண வகுப்போ பி6-ஓ தாராளம். லேத் ஸ்பிண்டிலுக்குத் தேவைப்படும் துல்லியத்துக்கு ஸ்கூட்டரில் வேலையே இல்லை.

இரும்பு

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் அளவுக் கருவி இருந்தால் சரிபார்க்கலாம். வெளியே தெரியாதது உலோகம். மட்டமான பேரிங் காசை மிச்சம் பிடிப்பதும் இங்கேதான்.

பேரிங் இரும்பின் செய்முறை நூறு வருடங்களுக்கு மேலாக ஏறத்தாழ ஒன்றே: 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். நம் ஊர் லேத்துப் பட்டறைகளில் இஎன்31 என்பார்கள், அமெரிக்கர்கள் 52100 என்பார்கள், ஜப்பானியர் எஸ்யூஜே2 என்பார்கள். கம்பியாகவோ குழாயாகவோ வரும் இரும்பை வளையமாக அடித்து, கடைந்து, 840 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்குகிறார்கள். அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, தட்டினால் தெறித்துவிடும். அதனால் மறுபடி 160, 170 டிகிரியில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். முடிவில் ராக்வெல் சி அளவில் 60-லிருந்து 64 வரை கடினம் கிடைக்க வேண்டும். உலையில் சூடு குறைந்தால் வளையம் மெத்தென்று இருக்கும், குண்டு ஓடிய தடத்தில் பள்ளம் விழும். சூடு கூடினால் இரும்புக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பெருத்து, அடி தாங்காமல் உடையும்.

திருப்பாப்புலியூரில் எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் உடைந்த வளையத்தை எறியமாட்டார். உடைந்த வாயை வெயிலில் காட்டி, "பட்டு மாதிரி இருக்கணும் தம்பி" என்பார். சரியாகப் பதமான பேரிங் இரும்பு உடைந்த இடத்தில் சாம்பல் நிறத்தில், மணி தெரியாமல், மிருதுவாக இருக்கும். சூடு தப்பியதில் சர்க்கரை மாதிரி மினுமினுவென்று மணிகள் தெரியும். அப்புறம் அரத்தை எடுத்து வளையத்தின் ஓரத்தில் ஒரு இழுப்பு. நல்ல வளையத்தில் அரம் கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் வழுக்கும். மட்டமானதில் கடிக்கும், தூள் விழும். ஆய்வுக்கூடத்தில் கடினமானியும் நுண்ணோக்கியும் வைத்துச் செய்கிற சோதனைக்கு இவை ஏழை வீட்டு உறவுகள், ஆனால் பொய் சொல்லாது.

அவராலும் கண்டுபிடிக்க முடியாத ஒன்று இரும்பின் சுத்தம். பேரிங் மேலே தேய்ந்து சாவதில்லை, சரியாக ஓடினால் உள்ளிருந்து சாகிறது. குண்டு வளையத்தைத் தொடுகிற புள்ளி எள்ளைவிடச் சிறியது. அங்கே விழும் அழுத்தம் ஆயிரம் மெகாபாஸ்கலைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த அழுத்தத்தின் உச்சமான கத்தரிப்பு விசை மேல்பரப்பில் இல்லாமல், அதற்குச் சற்றுக் கீழே விழுகிறது. அந்த ஆழத்தில் ஒரு ஆக்சைடுத் துகள் மாட்டியிருந்தால் அதைச் சுற்றி விரிசல் பிறக்கும். ஒவ்வொரு குண்டும் மேலே போகும்போது விரிசல் கொஞ்சம் வளரும். கடைசியில் மேல்பரப்பிலிருந்து ஒரு செதில் பெயர்ந்து விழும். அதன்பிறகு வருவதுதான் நாம் கேட்கும் 'கொர்ர்' சத்தம். இதனால்தான் நல்ல பேரிங் இரும்பை வெற்றிடத்தில் வைத்து வாயுவை உறிஞ்சி, ஆக்சிஜனைப் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு என்கிற அளவுக்குக் குறைக்கிறார்கள். பழைய இரும்பை உருக்கி ஊற்றும் பட்டறையில் இது நடக்காது. இரண்டு பேரிங்கும் ஒரே பளபளப்பில் இருக்கும், ஒரே கடினம்கூடக் காட்டும். ஆயுளில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

குண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பால்ரஸ் குண்டுக்காக மெக்கானிக் ஷெட் வாசலில் தவம் கிடக்காதவர்கள் யார்? கோலியாட்டத்தில் அது ராஜா. இரும்புக் குண்டை நிஜமாகவே உருண்டையாக, ஆயிரக்கணக்கில், ஒரே அளவில் அரைத்தெடுக்கும் எந்திரத்தை 1883-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் ஊரில் ஃபிரிட்ரிஷ் ஃபிஷர் செய்தார். பேரிங் தொழிலே அதிலிருந்துதான் பிறந்தது என்று சொல்லலாம். இன்றைக்கு ஜி10 தரக் குண்டு என்றால் உருண்டையிலிருந்து விலகல் கால் மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். 6203-க்குள் பொதுவாக எட்டு குண்டுகள். அவற்றை உள்ளே வைப்பதே ஒரு சின்ன வித்தை: உள்வளையத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினால் பிறை வடிவத்தில் இடம் கிடைக்கும். எட்டையும் அதில் கொட்டி, உள்வளையத்தை நடுவுக்கு இழுத்து, குண்டுகளைச் சம தூரத்தில் பரப்பி, அவற்றை விலக்கிப் பிடிக்கும் கேஜை இருபக்கமும் வைத்து ரிவெட் அடிக்கிறார்கள். ராபர்ட் கான்ராட் 1903-ல் காப்புரிமை வாங்கிய முறை, இன்றும் அதேதான்.

ஆனால் எந்த எட்டு குண்டு என்பதில்தான் தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் வித்தியாசம். அரைத்து முடிந்த வளையங்கள் மைக்ரான் கணக்கில் ஒன்றுக்கொன்று வேறுபடும். நல்ல தொழிற்சாலையில் ஒவ்வொரு உள்வளையத்தின் பள்ளத்தையும் வெளிவளையத்தின் பள்ளத்தையும் அளந்து, கேட்ட ஆட்டம் வருகிற மாதிரி குண்டின் அளவைத் தேர்ந்து ஜோடி சேர்ப்பார்கள். அப்புறம் கழுவி, உள்ளே இருக்கும் காலி இடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கிரீஸ் வைத்து, சீல் போட்டு, சுற்றவிட்டு அதிர்வை அளப்பார்கள். கிரீஸை நிறைய அடைத்தால் நல்லது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. நிறைந்திருந்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே ஓடி, சூடாகும்.

நான்கு லட்சம் கிலோமீட்டர் எங்கே போனது?

பேரிங்கின் ஆயுளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்வீடனில் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் இருவரும் 1947-ல் வெளியிட்டது. இன்றைய ஐஎஸ்ஓ 281-க்கு அதுதான் அடிப்படை. பேரிங்கின் தாங்குதிறனை அதன்மேல் விழும் சுமையால் வகுத்து, வருவதை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் எத்தனை பத்து லட்சம் சுற்று என்று கிடைக்கும். நூறு பேரிங்கில் தொண்ணூறு அதுவரை ஓட வேண்டும்.

என் வண்டிக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் இரண்டு ஆளும் சேர்ந்து 250 கிலோ. பின்சக்கரத்தில் 160 கிலோ என்று வைத்தால், இரண்டு பேரிங்குக்கும் தலா 80 கிலோ, அதாவது 800 நியூட்டன். பள்ளம், வேகத்தடை எல்லாவற்றுக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கினால் 1,600. நல்ல கம்பெனி 6203-ன் தாங்குதிறன் 9,500 நியூட்டன் அளவில் இருக்கும். வகுத்தால் ஏறத்தாழ 6. ஆறாறு முப்பத்தாறு, முப்பத்தாறாறு இருநூற்றுப் பதினாறு. ஆக 21.6 கோடி சுற்று. சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் போனால், நான்கு லட்சம் கிலோமீட்டர் வருகிறது! தினமும் ஐம்பது கிலோமீட்டர் என்றால் இருபது வருடத்துக்கு மேல். வண்டியே அவ்வளவு நாள் இருக்காது.

அந்த மூன்று மடிப் பெருக்கல் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். இரும்பு மட்டமாக இருந்து தாங்குதிறன் பாதியானால், ஆயுள் எட்டில் ஒரு பங்கு. அப்போதும் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் மிஞ்சுகிறது. எனக்கு எட்டாயிரம்கூட நிற்காமல் போனதற்கு இரும்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று இந்தக் கணக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. சுமையைத் தாங்கி, களைத்துச் சாகும் பேரிங் நம் சாலைகளில் அபூர்வம். மீதி எல்லாம் துர்மரணம்.

முதல் கொலையாளி தண்ணீர். ஃபெங்கல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் கரையோரப் பகுதிகள் மூழ்கின. தெருவில் நின்ற வண்டிகளின் சக்கரம் முழுக்கத் தண்ணீரில். வடிந்தபின் எஞ்சின் ஆயிலை எல்லோரும் மாற்றினார்கள். ஹப்பை யார் பிரித்துப் பார்த்தார்கள்? என் வண்டியில் ஐந்து மாதம் கழித்துப் பிரித்தபோது சீலை ஊசியால் நெம்பியதும் உள்ளே கிரீஸ் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. துடைத்துப் பார்த்தால் வளையத்தின் பள்ளத்தில் குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாக எட்டுத் துருப் புள்ளிகள். வண்டி அசையாமல் நின்ற நாட்களில் ஒவ்வொரு குண்டும் தான் நின்ற இடத்தில் முத்திரை குத்தியிருந்தது.

ரப்பர் சீல் இருந்தும் எப்படிப் போனது? ஓடிவந்த சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கும். அப்படியே தண்ணீருக்குள் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் உதட்டு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் துப்பாக்கியை நேராக ஆக்சிலைக் குறிவைத்து அடிப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. சக்கரம் பளிச்சென்று ஆகும். பேரிங்குக்குள் சோப்புத் தண்ணீர். போதாததற்கு நம்முடையது கடற்கரை. தேவனாம்பட்டினம் பக்கம் நிறுத்திவைக்கும் வண்டியின் நட்டுகள் ஒரு வருடத்தில் என்ன நிறம் ஆகின்றன என்று பார்த்தவர்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதுப் பேரிங்கைக்கூட வியர்த்த கையால் எண்ணெய்த்தாளைப் பிரித்துத் தடவிப் பார்த்து வைத்தால், சில நாளில் விரல் ரேகை துருவாக எழுந்துவிடும்.

இரண்டாவது கொலையாளி சுத்தியல். பேரிங்கை உட்காரவைக்க ஒரே ஒரு விதிதான்: எந்த வளையம் இறுக்கமாகப் போய் உட்கார வேண்டுமோ அதை மட்டும் தள்ள வேண்டும். பைக் சக்கரத்தில் வெளிவளையம்தான் ஹப்பில் இறுகுகிறது. அப்படியென்றால் வெளிவளையத்தை மட்டும் தொடுகிற சாக்கெட்டை வைத்துத் தட்ட வேண்டும். கைக்குக் கிடைத்த கம்பியை உள்வளையத்தில் வைத்து அடித்தால், ஒவ்வொரு அடியும் எட்டு குண்டு வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும். குண்டு தன் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தடத்தை அழுத்தினாலே அது பேரிங்கின் எல்லை என்று ஐஎஸ்ஓ கணக்கு வைத்திருக்கிறது. 6203 குண்டுக்கு அது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அரைக் கிலோ சுத்தியலுக்கு ஒரு மைக்ரான் என்ன பிரமாதம்? வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பேரிங்கின் கதை பாதி முடிந்திருக்கும்.

ஹப்பின் ஓட்டை தளர்ந்துவிட்டால் செய்யும் ஒரு கைவேலையும் உண்டு. ஓட்டையின் சுவரில் சென்டர் பஞ்ச் வைத்து வரிசையாகக் குத்தி, மேடு எழுப்பி, அதில் பேரிங்கை இறுக்கி விடுவார்கள். என் இரண்டாவது பேரிங்கை அப்படித்தான் போட்டிருந்தார்கள். வட்டமாக இருக்க வேண்டிய வெளிவளையம் நாலைந்து மேடுகளில் உட்கார்ந்து பலகோணமாகிவிடும். மைக்ரான் கணக்கில் தொழிற்சாலை அரைத்துத் தந்த வட்டம், பஞ்ச் அடித்த அரை நிமிடத்தில் போயிற்று.

கார், லாரி பக்கம் போனால் வேறு வகைக் கோளாறுகள். இப்போதைய கார்களின் சக்கர பேரிங்கில் பலவற்றுக்கு ஒரு பக்கத்துச் சீலுக்குள் காந்தப் பட்டை இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்-ன் சென்சார் அதைப் படித்துத்தான் சக்கர வேகத்தை அறிகிறது. புதுச்சேரி நண்பர் ஒருவர் பேரிங் மாற்றி வந்த அன்றே டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பித்தது. சென்சார், ஒயர் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் பேரிங்கைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். காந்தப் பக்கம் வெளியே. இருபக்கமும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும், காந்தத்தைக் காட்டும் அட்டை ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லர்களிலும் லாரிகளிலும் இருப்பது டேப்பர் ரோலர், குண்டுக்குப் பதில் கூம்பு வடிவ உருளைகள் உள்ள பேரிங். அதில் ஆட்டத்தைக் கம்பெனி வைத்துத் தருவதில்லை, நட்டை இறுக்குகிறவர்தான் வைக்கிறார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, ரோலர்கள் உட்கார்ந்ததும் கொஞ்சம் தளர்த்தி, 0.025 முதல் 0.125 மி.மீ. வரை ஆட்டம் விட வேண்டும். அதிகம் இறுக்கினால் எரிந்துவிடும், தளர்ந்தால் தட்டும். ரோலரோடு வரும் உள்வளையமான கோனை மட்டும் புதுசாக வாங்கி, வெளிவளையமான பழைய கப்பையே விட்டுவிடுகிறவர்கள் அரைக் காசை மிச்சம் பிடித்து முழுக்காசையும் இழக்கிறார்கள்; பழைய கப்பில் விழுந்த தடம் புது ரோலரையும் கெடுத்துவிடும்.

டூப்ளிகேட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதில் இரண்டு ரகம். மட்டமான பேரிங்கில் பெரிய கம்பெனி பெயரைப் பொறித்து விற்பது ஒன்று. ஓடிக் கழித்த பேரிங்கைக் கழுவி, வெளிப்புறத்தைப் பாலிஷ் போட்டு, புதுப் பெட்டியில் வைப்பது இன்னொன்று. இரண்டாவது இன்னும் மோசம். பாலிஷ் போடும்போது வெளிவிட்டத்தில் சில மைக்ரான் போய்விடும், ஹப்பில் லூசாக உட்காரும். எழுத்து மங்கல், பெட்டியின் அச்சு என்று பார்த்துக் கண்டுபிடித்த காலம் மலையேறிவிட்டது. போலிப் பெட்டிகள் இப்போது அசலைவிட அழகாக வருகின்றன. எஸ்கேஎஃப் ஆதென்டிகேட் என்று ஒரு செயலி வைத்திருக்கிறது, ஜெர்மன் கம்பெனி ஷேஃப்ளர் ஒரிஜின்செக் என்று ஒன்று. பெட்டியையும் குறியீட்டையும் அதன்வழி சரிபார்க்கலாம். என்னைக் கேட்டால் அதைவிடப் பில்லோடு விற்கும் டீலரிடம் வாங்குவது சுருக்கமான வழி. பில் கேட்டதும் விலை மாறினால் பேரிங்கைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

சரி, என் மூன்றாவது பேரிங்குக்கு வருகிறேன். அது பில்லோடு வாங்கிய நல்ல கம்பெனி 6203, 2ஆர்எஸ். புது ஹப், சாக்கெட் வைத்துத் தட்டியது, மழையும் இல்லாத மாதம். அதுவும் ஐம்பத்தைந்தாம் நாள் முனகியது. அந்தத் திருப்பாப்புலியூர் மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோனேன். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. ஆக்சில் நட்டைத் தளர்த்திவிட்டு, செயினை இறக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினார், லேசாக ஓடியது. நட்டை முழுக்க இறுக்கிவிட்டு மறுபடி சுற்றினார், பிடித்துக்கொண்டு நின்றது. "பேரிங்க விடு, ஸ்பேசரப் பாக்கலாம்" என்றார்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவே, ஆக்சிலைச் சுற்றி ஒரு குழாய் இருக்கும். நட்டை இறுக்கும் விசை ஒரு உள்வளையத்திலிருந்து இன்னொரு உள்வளையத்துக்கு அந்தக் குழாய் வழியாகப் போக வேண்டும். அது குட்டையாக இருந்தால் விசை குண்டுகள் வழியாகப் போகும். இரண்டு உள்வளையமும் உள்ளே இழுபட்டு, சக்கரம் ஓடும் ஒவ்வொரு நொடியும் குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். முதல் பேரிங்கைக் கழற்றியபோது யாரோ கம்பியால் அடித்ததில் அந்தக் குழாயின் வாய் பிதுங்கியிருக்கிறது. பிதுங்கலை அரத்தால் தேய்த்துச் சமமாக்கி அப்படியே போட்டிருக்கிறார்கள். ஹப்பின் உள்ளளவோடு ஒப்பிட்டு வெர்னியரில் அளந்தபோது அரை மி.மீ. குறைந்திருந்தது.

பக்கத்து லேத்தில் புதுக் குழாய் கடைந்து வாங்கினோம். எண்பது ரூபாய். பதினோராயிரம் கிலோமீட்டர் ஆகிறது, பின்சக்கரத்தில் இப்போது செயின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.